நீ எதை ஆடினாலும்

மார்ச் 3

தம்பிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் கத்திவிடுகிறேன். நான் கத்தினால், பக்கத்து அறையில் இருக்கும் அப்பா தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து இருமுவது போல நடிக்கிறார். அதனால் கடிதம். உன் அணைக்கட்டுக்கு வாரம் ஒரு முறைதான் ஜீப்பில் தபால் வரும் என்பது ஒரு விதத்தில் நல்லது. என் கோபம் ஆறிப்போய் உன்னிடம் வந்து சேரும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வலது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறதாம். பத்தொன்பது வருடமாகப் பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகு செதுக்கிய கை. இப்போது கத்தி விரல்களுக்குள் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. போன வாரம் ஒரு பெரியவரின் மேல் செட்டில் கடைவாய்ப் பல்லை முன்பல் இடத்தில் வைத்துவிட்டேன். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

மே 27 அன்று கையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. அப்பா அறுபத்தெட்டு கிலோ. பக்கவாதம் வந்து நாலு வருடமாக ஒரு நாளைக்கு ஆறு தடவை அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றுவது இந்தக் கைதான்.

மூன்று மாதம் நீ வந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் முதியோர் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. மே 20-க்குள் சொல்ல வேண்டுமாம். அந்தப் பேச்சை எடுத்த அன்று அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், இரவு வரை திரும்பவில்லை. சாப்பிடவும் இல்லை.

வருவாயா, மாட்டாயா? 'பார்க்கலாம்' என்று மட்டும் எழுதாதே.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்கா,

கையைப் பற்றிப் படித்து மனசு கஷ்டப்பட்டது. வெந்நீரில் உப்புப் போட்டு ஒத்தடம் கொடு. இங்கே நீர்மட்டம் நாற்பத்தொன்றரை அடி. மூன்றாவது மதகின் சங்கிலி துருப்பிடித்து முனகுகிறது; கிரீஸ் தடவி என் சட்டையெல்லாம் நாசம். உதவிக்கு இருந்தவரும் மாற்றலாகிப் போய்விட்டார். காலையும் மாலையும் அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுத நான் ஒருவன்தான்.

மாற்றல் கேட்டு மூன்றாவது முறையாக எழுதிப் போட்டிருக்கிறேன். மேலதிகாரி பார்க்கலாம் என்கிறார். (நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார்.)

ஒன்று செய்வோமா? நம் சண்டைகளெல்லாம் கடைசியில் செஸ் பலகையில்தானே தீரும். ஒரு ஆட்டம் போடுவோம், வழக்கம் போலத் தபாலில். நீ ஜெயித்தால் ஒரு வார்த்தை பேசாமல் வந்து மூன்று மாதம் இருக்கிறேன். நான் ஜெயித்தால் அடுத்த வருடம் வரை என்னைக் கேட்காதே. ஆட்டத்தில் கொடுத்த வாக்கை நான் மீறியதில்லை, உனக்கே தெரியும்.

அப்பாவுக்கு என் அன்பு.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

பெற்ற அப்பனைப் பணயம் வைத்து ஆடக் கூப்பிடுகிறாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு பொறுக்கி ஒட்டினேன். ஏனென்றால் நீ சொன்னதில் கடைசி வரி உண்மை. பலகைக்கு வெளியே நீ கொடுத்த வாக்கு எதுவும் நின்றதில்லை. பலகையில் கொடுத்தது நின்றிருக்கிறது.

ஆனால் எனக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதே. கடிதம் போய் வர இருபது நாள். ஒரு ஆட்டத்துக்கு நாற்பது நகர்த்தல். இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் என் கையும் போய்விடும், அப்பாவும் போய்விடுவார். அதனால் என் நிபந்தனைகள்: ஒரு கடிதத்தில் ஒரே ஒரு நகர்த்தல் எழுதாதே, முடிந்த வரை சேர்த்து எழுது. பெரிய காய் ஒன்றைச் சும்மா பறிகொடுத்தவர் தோற்றவர். அப்புறம், எழுதினது எழுதினதுதான். இந்தக் கடைசிச் சட்டம் உன்னுடையது. போன ஆட்டத்தில் நான் ஒரு எண்ணை மாற்றி எழுதியபோது என் ராணியை எடுத்துக்கொண்டு நீ சொன்னது.

வெள்ளை உனக்கே. யாருக்கு வெள்ளை என்று முடிவு செய்யவே ஒரு கடிதம் வீணாகும்.

நீ என்ன ஆடப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். குதிரையை வெளியே கொண்டுவருவாய். ஜி வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவாய். அந்தப் பொந்தில் மந்திரியை உட்கார வைப்பாய். பிறகு ராஜாவுக்குக் கோட்டை கட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்வாய். நாலு நகர்த்தல் முடிந்திருக்கும், உன் மனதில் இருப்பது ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. நான்தான் பொறுக்காமல் நடுவில் இரண்டு சிப்பாய்களைக் கொண்டுபோய் நிறுத்துவேன். நீ ஓரத்திலிருந்து கரையான் மாதிரி அரித்துத் தள்ளுவாய். நேரிலும் தபாலிலுமாக இப்படியே பதினோரு ஆட்டம் தோற்றிருக்கிறேன்.

இந்த முறை நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்துவந்தேன். நடு முழுவதற்கும் ஆசைப்படாதே, சின்னதாகச் சுவர் கட்டு என்கிறது. நடுவில் ஒரு சிப்பாய், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று. மூலையிலிருந்து குறுக்கே பார்க்கிற மந்திரிக்குச் சுவர் மட்டும்தான் தெரிய வேண்டும். பிறகு அவசரப்படாமல் இரு, அவன்தான் முதலில் வாயைத் திறந்தாக வேண்டும் என்று போட்டிருக்கிறது. காத்திருப்பதைப் பற்றி எனக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. என் கைதான் காத்திருக்காது.

பலகையை அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். நேற்றுக் கறுப்பு ராணியைக் காணவில்லை. மருந்து டப்பாவில் இருந்தாள்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்கா,

உன் நிபந்தனைகளுக்குத் தலை வணங்குகிறேன். அவசரம் புரிகிறது. ஆகவே நாலு நகர்த்தலை ஒன்றாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் குதிரை எஃப்-3.
நீ எதை ஆடினாலும், சிப்பாய் ஜி-3.
நீ எதை ஆடினாலும், மந்திரி ஜி-2.
நீ எதை ஆடினாலும், கோட்டை.

பார்த்தாயா, ஒரே தபாலில் இரண்டு மாதத்தை மிச்சம் பிடித்துவிட்டேன். இந்த ஆட்டத்தின் அழகே அதுதான். எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நீ சுவர் கட்டு, கோபுரம் கட்டு, எனக்குக் கவலையில்லை.

நீர்மட்டம் முப்பத்தொன்பது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாற்றல் பற்றி ஒரு தகவலும் இல்லை.

தம்பி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் காய்களை நகர்த்திப் பார்த்தேன். என் சின்னச் சுவருக்கு முதல் கல்லை வைத்தேன். பிறகு கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் பதில்:

நீ குதிரையை எடுத்தாய். நான் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறேன், டி-5. என் மந்திரிக்கு வழி திறக்கிறது.

நீ சிப்பாய் ஜி-3. நான் அந்த மந்திரியை நேராக உன் வீட்டுக்குள் அனுப்புகிறேன், எச்-3. பைத்தியம்கூட ஆடாத நகர்த்தல். உன் மந்திரி அங்கிருந்தே அவரை ஒரே வாயில் தின்றுவிடலாம். ஆனால் நான் எதை ஆடினாலும் உன் மந்திரி ஜி-2-க்குத்தான் போவார் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

போனார். என் மந்திரி அவரைத் தின்றார்.

இப்போது அவர் உன் யானையையும் குதிரையையும் ஒரே நேரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறார். உன் பக்கத்தில் அவரைத் தொட ஒரு ஆள் இல்லை. நாலாவதாக எழுதிய கோட்டையையும் நீ கட்ட முடியாது. ராஜா கடந்து போக வேண்டிய கட்டம் அவர் பார்வையில் இருக்கிறது. யானையை நகர்த்தினால் குதிரை போகும். குதிரையை நகர்த்தினால் யானை போகும். எப்படிப் பார்த்தாலும் ஒரு பெரிய காய் சும்மா போயிற்று.

நான் சிரித்தேன். சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று தெரியவில்லை. அப்பா என்னவென்று கேட்டார். பலகையைத் தூக்கிக் காட்டினேன். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டாலும் அவருக்குப் பேச்சு தெளிவாகத்தான் வரும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாக்காமலே ஆடியிருக்கான்" என்றார்.

மே 20-க்கு முன்னால் வந்துவிடு. பழைய கட்டிலைத் தட்டி, வெயிலில் போட்டிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

இதெல்லாம் ஒரு ஜெயிப்பா? எந்த மடையனும் உன் மந்திரியை அந்த இடத்தில் பார்த்தால் தின்றிருப்பான். உன் கைக்காக அவசரப்பட்டு எழுதப்போய் அதையே என் கழுத்தில் போட்டு இறுக்குகிறாய். நல்லதுக்குக் காலமில்லை.

மூன்றாவது நகர்த்தலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். என் மந்திரி எச்-3, உன் மந்திரியைத் தின்கிறது. ஆட்டம் அங்கிருந்து தொடரட்டும்.

எப்படியும் மழைக்கு முன்னால் மதகுகளைப் பழுது பார்க்க வேண்டும். மே, ஜூனில் லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

எடுத்துக்கொள். மந்திரியை எடுத்துக்கொள், குதிரையை எடுத்துக்கொள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

பலகையிலாவது உன் வாக்கு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லையென்றான பிறகு, நேற்று உட்கார்ந்து நீ நாலு வருடமாக எழுதிய கடிதங்களையெல்லாம் ஒரு முறை படித்தேன். அப்பா முதல் முறையாக என் பேரை மறந்துவிட்டார் என்று எழுதியிருந்தேன். நீ நீர்மட்டம் நாற்பத்தாறு என்று பதில் போட்டாய். எனக்குக் காய்ச்சல், மூன்று நாளாக இரண்டு பேரும் ரொட்டி தின்று படுத்துக் கிடக்கிறோம் என்று எழுதினேன். மாற்றலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், பார்க்கலாம் என்றாய். நான் எதை எழுதினாலும் உன்னிடம் பதில் முன்பே தயாராக இருந்திருக்கிறது. செவிடன் காதில் சங்கு ஊதியிருக்கிறேன்.

இல்லத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். இருபதாம் தேதி அவரைக் கொண்டுபோய் விட வேண்டும். எட்டுக் கட்டில் உள்ள அறை, ஜன்னலோரம் ஏற்கனவே ஒருவர் இருக்கிறார். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. இன்று காலை அவராகவே, அவன் எப்போது வருகிறான் என்று கேட்டார். முகச்சவரம் செய்துவிடு என்றார்.

இனி நீ பதில் எழுத வேண்டாம். எழுதினால் நீர்மட்டத்தை எழுதாதே. எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது.

அக்கா


மே 8

அக்கா,

இந்தக் கடிதத்தை ஜீப் ஓட்டுகிறவரிடம் கொடுத்து, தபாலில் போடாமல் நேரில் கொண்டுவந்து தரச் சொல்லியிருக்கிறேன். இருபதாம் தேதிக்கு முன்னால் உன் கைக்கு வர வேண்டும்.

நான் தோற்றேன். நகர்த்தலைத் திரும்பக் கேட்டது அயோக்கியத்தனம். வேண்டுமென்றே தோற்றேன் என்றும் நினைத்துக்கொள்ளாதே, அவ்வளவு நல்லவன் இல்லை. நிஜமாகவே பார்க்கவில்லை.

மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டதாகச் சொன்னேன். ஒரு முறைகூட எழுதவில்லை. இந்த இடத்தை நானேதான் கேட்டு வாங்கினேன். இங்கே தூக்க வேண்டியது ஒன்றும் இல்லை. மதகைக்கூட மோட்டார் தூக்கிவிடும்.

அப்பா படுப்பதற்கு முந்தின வருடம் அம்மா விழுந்தாளே, அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் பத்து நாள் லீவில் வந்திருந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். காய்ச்சலில் தளர்ந்து படுத்திருந்த அம்மா நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள். அக்கா வரட்டும் என்றேன். கொஞ்ச நேரம்தான், வெளிச்சம் முகத்தில் பட்டால் போதும் என்றாள். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கினேன். பாதி எழுந்தாள். கால் நழுவியது. என்னால் பிடிக்க முடியவில்லை. கையை விட்டுவிட்டேன். விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அவள் வழுக்கி விழவில்லை அக்கா. நான்தான் போட்டேன். உடைந்த இடுப்பெலும்போடு நாற்பது நாள் கிடந்துதான் செத்தாள்.

அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. "வழுக்கி விழுந்துட்டா. அவ்வளவுதான். உங்க அக்காகிட்ட வேற எதுவும் சொல்லாதே" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பக்கவாதம் வந்து அவர் படுத்தபோது நான் வந்து நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? அவர் கையை நீட்டினார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனவன், அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு உன் கடிதம் வந்தால் முழுதாகப் படிக்க மாட்டேன். 'தூக்க' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். நீ சொன்னது சரி, பதில் தயாராகவே இருந்தது. போன வாரம் எல்லாவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ரொட்டி தின்ற கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.

இல்லத்தில் வேண்டாம் என்று சொல்லிவிடு. பதினெட்டாம் தேதி காலை பத்து மணி வண்டியில் வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன், கையெழுத்தும் ஆகிவிட்டது. மேலதிகாரிக்கே நம்பிக்கை வரவில்லை. ஆபீஸில் என்னை 'பார்க்கலாம் சார்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒன்று மட்டும் சொல். அப்பாவை எப்படித் தூக்க வேண்டும்? எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும்? ஒன்று விடாமல் எழுது. வண்டியில் வரும்போது படித்துக்கொண்டே வருகிறேன்.

தம்பி


மே 13

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. ஜீப் ஓட்டுகிறவர் நாளை திரும்பிப் போகும்போது இதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

முதல் நாள் உனக்குப் பதிலே எழுதக் கூடாது என்றிருந்தேன். அம்மாவுக்கு அந்த நாற்பது நாளும் புண்ணைத் துடைத்து மருந்து வைத்தவள் நான். எப்படி விழுந்தாய் என்று தினமும் கேட்பேன். கவனக்குறைவாகக் கால் வைத்துவிட்டேன் என்று அவளும்தான் சொன்னாள். ஆக, மூன்று பேரும் சேர்ந்து ஒரு பொய்யைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். வீட்டில் நாலாவது ஆள் நான் மட்டும் வெளியே நின்றிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது. நீ வந்த பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன், மூன்று மாதம் இருக்கிறதே.

இரண்டாம் நாள் அப்பாவிடம் கேட்டேன். "சொல்லிட்டானா" என்றார். அழுதார். பிறகு, எந்த வண்டி என்று கேட்டார்.

இல்லத்துக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. அப்பா படுத்த முதல் மாதம், மேசையில் இடித்துக்கொண்டார், நெற்றியில் மூன்று தையல் என்று உனக்கு எழுதினேன் அல்லவா? மேசை ஒன்றும் செய்யவில்லை. நான்தான் கீழே போட்டேன். அதற்கு முந்தின வாரமும் ஒரு முறை போட்டேன், அன்று மெத்தை மேல் விழுந்ததால் தப்பித்தார். அக்கம்பக்கத்திலும் ஆஸ்பத்திரியிலும் மேசை என்றே சொன்னேன். மூன்றாவது வாரம்தான் ஒரு நர்ஸ் வந்து எப்படித் தூக்குவது என்று காட்டிக் கொடுத்தாள். அதுவரை நானும் உன்னைப் போலத்தான், கையைப் பிடித்துத்தான் இழுத்தேன். யாரும் சொல்லித்தராவிட்டால் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள்.

கையைப் பிடிக்காதே. பழைய வேட்டியை நாலாக மடித்து அவர் இடுப்பில் இறுக்கிக் கட்டு, அதைப் பிடி. நாற்காலியை அவருடைய வலது பக்கம் போடு, அந்தப் பக்கம்தான் பலம் இருக்கிறது. அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்த்தி, இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று குனிந்து பார். உன் முழங்காலை அவருடைய இடது முழங்காலுக்கு முட்டுக்கொடு. அந்தக் கால்தான் நழுவும். அவரை உன் தோள்மேல் சாயச் சொல். முகத்தைப் பார்த்து மூன்று எண்ணு. மூன்று சொல்லும்போது அவரும் எழப் பார்ப்பார். அவர் எழுவதற்கு முன்னால் நீ இழுக்காதே. நின்ற பிறகு ஒரு மூச்சு விடு. பிறகு திருப்பி உட்கார வை.

அவர் திட்டுவார். வலிக்கிறது என்று பொய் சொல்லுவார். கண்டுகொள்ளாதே.

முதல் நாள் நான் பக்கத்தில் நிற்கிறேன். இரண்டாம் நாள் சமையலறையில் இருப்பேன், கூப்பிட்டால் வருவேன்.

அக்கா